யாருடைய 15 நிமிடம்?

தயாரிப்பு 10 நிமிடம், பொரிப்பது 5 நிமிடம், மொத்தம் 15 நிமிடம். செய்முறையின் நெற்றியில் இப்படித்தான் எழுதியிருந்தது. போன சனிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு அடுப்படிக்குள் நுழைந்தேன். சாப்பிட உட்கார்ந்தபோது மணி எட்டரை. கடைசிச் சட்டியைக் கவிழ்த்து வைத்து விளக்கை அணைத்தபோது பத்தேகால். நாலரை மணி நேரம். 15 நிமிடத்தைப் போல 18 மடங்கு. சந்தேகம் இருப்பவர்கள் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். கடைக்குப் போய்வந்த நேரத்தை நான் சேர்க்கவே இல்லை.

இத்தனைக்கும் செய்தது கல்யாண விருந்து இல்லை. மாட்டிறைச்சியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, மாவிலும் முட்டையிலும் பிரெட் தூளிலும் புரட்டி, எண்ணெயில் பொரித்தெடுக்கும் ‘ஸ்டீக் பைட்ஸ்’. வெளியே மொறுமொறுவென்று, உள்ளே சாறு வற்றாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். டல்லாஸ் பக்கம் நாங்கள் குடியிருக்கும் ஊரில் ஓர் உணவகத்தில் மகள் இதைச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். “வீட்லயே பண்ணலாம்ப்பா, ஈஸி. ஃபிஃப்டீன் மினிட்ஸ்தான்” என்று போனை நீட்டினாள். பதினான்கு வயதுப் பிள்ளை நம்பியதில் தப்பில்லை. நாற்பத்தெட்டு வயதில் நான் நம்பினேன் பாருங்கள், அதைத்தான் சொல்ல வேண்டும்.

டெக்சாஸ்காரர்களுக்கு இது புதிதில்லை. இதன் மூத்த அண்ணன் ‘சிக்கன் ஃப்ரைடு ஸ்டீக்’. பெயரில் கோழி, தட்டில் மாடு. கோழியைப் பொரிக்கிற மாதிரியே மாட்டிறைச்சியை மாவில் புரட்டிப் பொரிப்பதால் வந்த பெயர். 19-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து குடியேறிய ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் தங்கள் ஊர் ஷ்னிட்சலைக் கொண்டுவந்தார்கள், அதுவே இப்படி மாறியது என்று பரவலாகச் சொல்வார்கள். அங்கே இளங்கன்றின் இறைச்சி. இங்கே மேய்ச்சல் காட்டு மாட்டின் முரட்டுத் துண்டு. அதைச் சுத்தியலால் தட்டித் தட்டி இளக்கி, மாவுக்குள் மறைத்துப் பொரித்து, மேலே மிளகு போட்ட வெள்ளைக் கிரேவியை ஊற்றினார்கள். பக்கத்து மாநிலமான ஓக்லஹோமா 1988-இல் தன் அரசு விருந்துப் பட்டியலிலேயே இதைச் சேர்த்துவிட்டது. டெக்சாஸில் லமீசா என்ற சின்ன ஊரில் இதற்குத் திருவிழாவே நடக்கிறது. வடமேற்கே ஐடஹோவில் இதையே விரல் நீளத்துக்கு வெட்டிப் பொரித்து ‘ஃபிங்கர் ஸ்டீக்’ என்கிறார்கள்.

எல்லாம் சரி. ஆனால் இவை வளர்ந்தது உணவகங்களில், பொரிப்பதற்கென்றே எந்திரம் வைத்திருக்கிற அடுப்படிகளில். அந்த எந்திரத்தில் வாளிக் கணக்கில் எண்ணெய் நிற்கும். குளிர்ந்த இறைச்சி விழுந்தாலும் சூடு அசையாது. தலைக்கு மேலே புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் பெரிய கூண்டு. மாவு கலக்க ஒருவர், பொரிக்க ஒருவர், கழுவ ஒருவர். அத்தனை பேர் செய்கிற வேலையைக் கூடமும் அடுப்படியும் ஒன்றாக இருக்கும் ஒரு வீட்டில், ஒற்றை ஆள், ஒன்றரை லிட்டர் கடலை எண்ணெயை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். அதற்கும் அதே 15 நிமிடம்தானாம்.

முதலில் கறி. இது என் இரண்டாவது முயற்சி என்பதை ஒப்புக்கொள்கிறேன். போன மாதம் செய்தபோது வேலை மிச்சம் என்று நினைத்து, கடையில் ஏற்கெனவே துண்டு போட்டு ‘ஸ்டூ மீட்’ என்று எழுதி வைத்திருந்த பொட்டலத்தை எடுத்து வந்துவிட்டேன். விலையும் குறைவு. பொரித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வாயில் போட்டால் மென்று மென்று தாடை வலித்ததே தவிரத் துண்டு கரையவில்லை. மகள் மரியாதையாகப் பேப்பர் நாப்கினுக்குள் துப்பினாள். அந்தப் பொட்டலத்தில் இருப்பது மாட்டின் தோளும் தொடையும். நடந்து நடந்து உறுதியான தசை. அதில் இருக்கும் சவ்வு இளகிக் குழைய மணிக்கணக்கில் மெல்லிய சூட்டில் வேக வேண்டும், இல்லையென்றால் குக்கரில் விசில் விட வேண்டும். மூன்று நிமிட எண்ணெய்க் குளியலில் அது இன்னும் முறுக்கிக்கொள்ளும். கன்னியாகுமரி மாவட்டத்தில் மாட்டுக்கறி தின்று வளர்ந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அம்மா தேங்காய்ச் சில் போட்டுக் கறியை வறுத்துச் சுண்டவைக்கிற அந்த வாசனை தெரியும். அதற்கு முன்னால் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று நான் எண்ணியதில்லை.

இந்த முறை உஷாராக ‘டாப் சர்லாயின்’ வாங்கினேன். விலையைப் பார்த்துக் கை கொஞ்சம் பின்வாங்கத்தான் செய்தது. அமெரிக்காவில் 2024 ஜனவரியில் எண்ணியபோது மாடுகள் 8 கோடியே 72 லட்சம்தான். 1951-க்குப் பிறகு அதுவரை அவ்வளவு குறைந்ததே இல்லை. பல ஆண்டு வறட்சியில் மேய்ச்சல் காய்ந்து, தீவனச் செலவு தாங்காமல் பண்ணைக்காரர்கள் தாய்ப் பசுக்களையே விற்றுவிட்டார்கள். மந்தை திரும்பப் பெருக வருடங்கள் ஆகும். அதுவரை கறிக்கடைத் தட்டில் விலை இப்படித்தான் நிற்கும். அதனால் ஒரு துண்டு வீணானாலும் மனம் அடித்துக்கொள்கிறது.

வாங்கி வந்த கறியில் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே வெட்ட வேண்டும். நாரோடு போகிற போக்கில் வெட்டினால் நல்ல கறியும் கயிறாகிவிடும். கொழகொழவென்று வழுக்குகிற கறியைச் சீராக வெட்ட வராது. அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துக் கொஞ்சம் இறுகின பிறகுதான் கத்தி சொன்னபடி கேட்கும். சின்னதும் பெரியதுமாக வெட்டினால் சின்னது கருகும்போது பெரியதில் நடுப்பகுதி பச்சையாக இருக்கும். ஃப்ரீசர் அரை மணி, வெட்டுவது இருபத்தைந்து நிமிடம். செய்முறையில் இது எங்கே இருக்கிறது தெரியுமா? சாமான் பட்டியலில். ‘சர்லாயின் ஸ்டீக், துண்டு போட்டது.’ யார் போட்டது?

அடுத்தது மாவு. மூன்று தட்டு வரிசையாக வைக்க வேண்டும். ஒன்றில் மைதாவும் கொஞ்சம் கார்ன்ஃப்ளாரும் உப்பும் மிளகும், அடுத்ததில் முட்டையும் பட்டர்மில்க்கும், கடைசியில் பாங்கோ. இந்தப் பட்டர்மில்க் நம் மோர் இல்லை என்பது போன மாதம் தெரியாது. இங்கே விற்பது புளிக்கவைத்த, கூழ் மாதிரிக் கெட்டியான பால். நான் தயிரை நீர்மோராகக் கடைந்து ஊற்றினேன். மாவு சேறாகி வழிந்தது. பாங்கோ என்பது ஜப்பானியரின் பிரெட் தூள். அதற்கான பிரெட்டைப் பல இடங்களில் அடுப்பில் சுடுவதில்லை, மாவுக்குள் மின்சாரம் செலுத்தி வேகவைக்கிறார்கள். அதனால் பழுப்புத் தோலே இருக்காது. அதைச் செதில் செதிலாகத் துருவுவதால் எண்ணெயில் நன்றாக முறுகும். பெயரில் உள்ள ‘பான்’ போர்த்துகீசியரிடமிருந்து போன சொல். இலங்கைத் தமிழர் ரொட்டியைப் பாண் என்கிறார்களே, அதுவும் அங்கிருந்து வந்ததுதான். உலகத்தையே சுற்றி வந்த தூள், என் கறித்துண்டில் மட்டும் ஒட்ட மாட்டேன் என்றது.

ஒரு கை உலர்ந்ததற்கு, ஒரு கை ஈரத்துக்கு என்று பிரித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நாலு துண்டு வரைக்கும் அந்த ஒழுக்கம் இருந்தது. ஐந்தாவது துண்டு முட்டைக்குள் நழுவி விழ, உலர்ந்த கையை விட்டுவிட்டேன். அதோடு போயிற்று. பத்தாவது துண்டு முடியும்போது என் பத்து விரலிலும் மைதா, முட்டை, பாங்கோ, அதன் மேல் மறுபடி மைதா என்று கணுக் கணுவாக ஏறியிருந்தது. கறியைவிட விரல்தான் பொரிக்கத் தயாராக இருந்தது. அந்த நேரம் பார்த்து மூக்கு அரித்தது. போன் அடித்தது. எடுக்க முடியவில்லை.

எண்ணெய் காய்ந்தது. முதல் ஆறு துண்டைப் போட்டேன். சடசடவென்று நுரைத்தது, சந்தோஷமாக இருந்தது. ஒரு நிமிடம் கழித்து ஜல்லிக்கரண்டியால் திருப்பிப் பார்த்தால், கறி ஒரு பக்கம் வழுக்கைத் தலையாக மிதக்கிறது, அதன் சட்டை இன்னொரு பக்கம் தனியாக மிதக்கிறது. முழுசாக, உட்குழிவாக, நண்டு ஓடு மாதிரி. கழன்ற தூள் அடியில் போய் உட்கார்ந்து கருக ஆரம்பித்தது.

கையைக் கழுவிவிட்டுப் போனைப் பார்த்தேன். அம்மா. இங்கே சனிக்கிழமை இரவு ஏழு என்றால் ஊரில் ஞாயிறு விடிகாலை ஐந்தரை. முதல் பூசைக்குக் கிளம்புவதற்கு முன்னால் கூப்பிட்டிருக்கிறாள். திருப்பிக் கூப்பிட்டு, குசலம் விசாரிப்பதை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தேன்.

“கறிய ஈரம் போகத் தொடச்சியா?”

“அப்படி ஒண்ணும் எழுதலியேம்மா.”

“எழுதணுமா மக்களே? ஈரத்து மேல மாவு எப்பிடி நிக்கும்? முந்திரிக்கொத்துக்கு உருண்டையப் பிடிச்சு முந்தின நாளே காயப் போடுதோமே, அது எதுக்குன்னு நெனச்ச? காயாத உருண்டைய மாவுல முக்கிப் போட்டா எண்ணெயில பிரிஞ்சு போவும். மாவு முக்கின பொறவும் உடனே போடாத. கொஞ்ச நேரம் இருக்கட்டு.”

முந்திரிக்கொத்து எங்கள் பக்கத்துப் பலகாரம். வறுத்த பாசிப்பயறு மாவு, கருப்பட்டி, தேங்காய் எல்லாம் சேர்த்து உருண்டை பிடித்து, அரிசி மாவுக் கரைசலில் முக்கி, மூன்று மூன்றாகக் கொத்து சேர்த்துப் பொரிப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில் பெரிய முறத்தில் உருண்டைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். நான் போகிற போக்கில் இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறேன். அவை ஏன் காய்கின்றன என்று கேட்டதில்லை.

அம்மா சொன்னதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு பெருக்கும். கறிக்கும் மாவுக்கும் நடுவே ஈரப் படலம் இருந்தால், 190 டிகிரி எண்ணெயில் அது ஒரு நொடியில் ஆவியாகி மாவுச் சட்டையைக் கறியிலிருந்து நெம்பித் தள்ளிவிடும். முன்கூட்டியே உப்புத் தூவியிருந்தால் இன்னும் மோசம். உப்பு கறியிலிருந்து தண்ணீரை மேலே இழுத்துவரும். நான் அதையும் செய்திருந்தேன். கறியைப் பேப்பர் டவலில் ஒற்றி எடுத்து, மாவைப் புரட்டி, அதிகப்படியைத் தட்டிவிட்டு, முட்டையில் முக்கி, பாங்கோவை உள்ளங்கையால் அழுத்திப் பதித்து, கம்பித் தட்டில் இருபது நிமிடம் விட வேண்டும். மாவு மெல்ல ஈரத்தைக் குடித்துப் பசையாகிப் பிடித்துக்கொள்ளும். இந்த இருபது நிமிடம் எந்த 15 நிமிடத்துக்குள் இருக்கிறது?

மிச்சக் கறியை அப்படியே செய்தேன். சட்டை கழலவில்லை. ஆனால் அந்த இருபது நிமிடத்தில் அடுப்பைக் குறைக்க மறந்துவிட்டேன். அடியில் கிடந்த தூள் கரியாகி எண்ணெய் புகைந்தது. புகை அலாரம் அலறியது. நம் ஊரில் தாளித்தால் தும்முவோம், இங்கே தாளித்தால் வீடே கத்தும். அடுப்புக்கு மேலே மைக்ரோவேவோடு சேர்த்து ஒரு ஃபேன் இருக்கிறது. அது புகையை வெளியே அனுப்பும் என்று பல வருடம் நம்பியிருந்தேன். எங்கள் வீட்டில் இருப்பது, நிறைய வீடுகளில் இருப்பது போலவே, புகையை ஒரு சல்லடை வழியாக இழுத்து மறுபடி நம் முகத்துக்கே திருப்பி ஊதுகிற வகை. மகள் நாற்காலி மேல் ஏறி அலாரத்துக்கு நேரே துண்டை விசிறினாள். நான் பின்கதவைத் திறந்தேன். ஆகஸ்ட் மாதம், வெளியே இன்னும் 37 டிகிரி. ஏசி காற்று வெளியே போனது, அனல் உள்ளே வந்தது, புகை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இங்கே நம்மவர்கள் பலர் மீன் பொரிக்க மட்டும் கொல்லைப்புறத்தில் தனி அடுப்பு வைத்திருப்பது பகட்டு என்று நினைத்தேன். அன்றைக்கு அவர்களிடம் மனதாரப் பாவமன்னிப்புக் கேட்டேன்.

எண்ணெயை வடிகட்டி, மறுபடி காயவைத்து, ஆறாறு துண்டாகப் போட்டேன். அவசரப்பட்டு ஒரு முறை பத்து போட்டதில் 190-இல் நின்ற முள் 150-க்கு விழுந்தது. அந்தச் சூட்டில் பொரிந்தது முறுகாமல் எண்ணெயைக் குடித்துத் தொப்பென்று உட்கார்ந்தது. ஒவ்வொரு ஈட்டுக்கும் இரண்டரை, மூன்று நிமிடம். அடுத்த ஈட்டுக்கு எண்ணெய் திரும்பச் சூடேற இன்னொரு மூன்று நிமிடம். ஆறு ஈடு. ‘பொரிப்பது 5 நிமிடம்’ என்று எழுதியவர் ஒரே ஓர் ஈடுதான் போட்டிருக்கிறார். அவர் வீட்டில் சாப்பிட ஒரே ஆள் போலிருக்கிறது. நடுத்துண்டில் ஊசி குத்திச் சூடு பார்க்கவும் வேண்டும். முழுத்துண்டு மாட்டிறைச்சி உள்ளே 63 டிகிரி வரை ஏறி, எடுத்த பிறகு மூன்று நிமிடம் ஆறவேண்டும் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் பரிந்துரை. இரண்டாவது அலாரம் நாலாவது ஈட்டில் வந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, துண்டு மகள் கையிலேயே இருந்தது.

எட்டரைக்கு மனைவி ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிந்து வந்தாள். கதவைத் திறந்ததும் “என்ன எரிஞ்சது?” என்றாள். உட்கார்ந்தோம். முதல் ஈட்டுத் துண்டுகள் பேப்பர் டவலில் கிடந்து அடிப்பக்கம் வேர்த்து நமுத்துப் போயிருந்தன. கறிக்குள் இருக்கும் ஆவி வெளியே வரத்தானே செய்யும். கம்பித் தட்டில் வைத்தது தப்பித்தது. கடைசி ஈட்டில் எடுத்த ஒன்றைக் கடித்தேன். ‘கறுக்’ என்றது. உள்ளே இளஞ்சிவப்பாக, பஞ்சு மாதிரி, சாறோடு. உண்மையைச் சொல்ல வேண்டும், பிரமாதம். நாலரை மணி நேரத்தில் அந்த ஒரு கடிக்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். மகள் பதினொன்று சாப்பிட்டாள். “சூப்பர்ப்பா. பாத்தியா, ஈஸிதான்” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

பிறகுதான் அடுப்படியைப் பார்த்தேன். மூன்று தட்டில் காய்ந்து ஓடான மாவு. குழாய்ப் பிடியில் முட்டை. அடுப்பைச் சுற்றி மூன்றடிக்கு எண்ணெய்த் துளி. தரையில் நடந்தால் பாங்கோ நறநறவென்கிறது. ஒன்றரை லிட்டர் எண்ணெயைக் கழிவுக் குழாயில் ஊற்ற முடியாது. உள்ளே போய்ப் படிந்து அடைத்துக்கொள்ளும். ஆறவைத்து, காலி ஊறுகாய் பாட்டிலைத் தேடி, புனல் வைத்து ஊற்றி, மூடியை இறுக்கி எடுத்து வைக்க வேண்டும். ஆறுவதற்கே ஒன்றரை மணி நேரம். அதுவரை படுக்கப் போக முடியாது. எந்தச் செய்முறையிலும் இதற்கு ஒரு வரி இல்லை. கடைசி வரி ‘சூடாகப் பரிமாறவும்’. அதற்குப் பிறகு உலகம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

எண்ணெய் ஆறும்வரை உட்கார்ந்து யோசித்தேன். அம்மாவின் செய்முறையில் நிமிடமே கிடையாது. பதம்தான் உண்டு. துளி மாவு போட்டால் எழும்பி வர வேண்டும், நுரை அடங்க வேண்டும், கரண்டியால் தட்டினால் கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். அதில் பொய் சொல்ல வழியில்லை. ஆனால் அவளுடைய நேரத்தையும் யாரும் எண்ணவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவள் எத்தனை இரவு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள் என்று அப்பாவும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. அங்கே கணக்கே இல்லை, இங்கே 15 நிமிடம் என்று தப்பான கணக்கு. இரண்டிலும் கணக்கில் வராமல் போவது ஒரே ஆளின் வேலை. என் ஒற்றைச் சனிக்கிழமைக்கே எனக்கு இவ்வளவு ஆதங்கம் பொங்குகிறது. தினம் செய்கிறவர்கள் ஒன்றும் எழுதுவதில்லை, அவர்களுக்கு நேரம் இல்லை.

ஆகவே என் கணக்கை இங்கே வைக்கிறேன். கறியை இறுகவைக்க 30 நிமிடம், வெட்ட 25, ஈரம் ஒற்ற 10, மாவு புரட்ட 25, ஊறவிட 20, ஆறு ஈடு பொரிக்க 35, துடைக்கவும் கழுவவும் 45. அலாரம் அடிக்காமல், மாவு கழலாமல், எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் மூன்று மணி பத்து நிமிடம் பிடிக்கிற வேலை இது. எண்ணெய் ஆறுகிற நேரம் தனி. இதைத் தெரிந்துகொண்டு செய்தால் கோபம் வராது, கறியும் வீணாகாது.

செய்முறை எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் உப்பையும் மிளகையும் கால் கரண்டி வரைக்கும் அளந்து சொல்கிறீர்கள். அந்தப் பொறுப்பில் பாதியை நேரத்துக்கும் காட்டுங்கள். ‘துண்டு போட்டது’ என்று எழுதும் இடத்தில் துண்டு போடுகிறவருக்கு எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். ‘சூடாகப் பரிமாறவும்’ என்பதற்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்த்து, பாத்திரம் கழுவுகிறவருக்கும் ஓர் எண் போடுங்கள்.